சாலையா, ட்ராக்கா? பைக் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

யமஹா ஆர்15 வைத்திருக்கிறேன். ஞாயிறு அதிகாலையில் நண்பர்களோடு ஈ.சி.ஆர்., எப்போதாவது ஏற்காடு, கொல்லிமலை. ஆரம்பத்தில் ஊர் சுற்றத்தான் போனோம். இப்போது யார் முதலில் மேலே ஏறுவது என்றாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்குக்குப் போகலாம் என்கிறான் ஒரு நண்பன். அந்தக் காசில் மூன்று முறை மலைக்குப் போய்வரலாம் என்கிறான் இன்னொருவன். யார் சொல்வதைக் கேட்பது?
*மென்பொருள் ஊழியர், தாம்பரம்*

முதல் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். யார் முந்துவது என்ற எண்ணம் வந்துவிட்டால் அந்தச் சவாரியை மலைப்பாதையில் வைத்துக்கொள்ளக் கூடாது. காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஒன்றில் உங்கள் டயர் போகும் பாதையின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அதைத் திரும்ப பைக் சுமார் 30 டிகிரி சாய வேண்டும். அதே வளைவில் 40 கி.மீ. என்றால் 46 டிகிரி. வேகம் பத்து கிலோமீட்டர்தான் கூடியது, சாய்வு ஒன்றரை மடங்காகிவிட்டது. திரும்பத் தேவைப்படும் பக்கவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறுவதுதான் காரணம். நல்ல டயர், காய்ந்த சுத்தமான தார் என்றால் 45 டிகிரி பக்கத்தில்தான் எல்லை. அந்தத் தாரின் மேல் மணல் படிந்திருந்தாலோ, லாரியிலிருந்து டீசல் சிந்தியிருந்தாலோ பிடிமானம் பாதிக்கும் கீழே போய்விடும். அப்போது 30 டிகிரியே தாங்காது. அந்த மணலும் பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கத்திலும் நடுக்கோட்டை ஒட்டியும்தான் ஒதுங்கிக் கிடக்கும். வேகமாக வந்தவர் அகலமாக வெளியேறும்போது டயர் ஏறுவதும் அங்கேதான்.

நேர்சாலையின் கணக்கையும் பாருங்கள். காய்ந்த தாரில் நன்றாகப் பிரேக் பிடிக்கத் தெரிந்தவர் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கச் சுமார் 20 மீட்டர் வேண்டும். 100 கி.மீ. என்றால் 56 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கை லீவருக்குப் போக ஒரு நொடி ஆகும் என்று சேர்த்தால் 37 மீட்டர், 84 மீட்டர். ஈ.சி.ஆரில் தோப்புக்குள்ளிருந்து ஒரு மாடு சாலைக்கு வரும்போது உங்களுக்கு 84 மீட்டர் கிடைக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ட்ராக்கில் எதிரே வண்டி வராது. மாடு வராது. விழுந்தால் உருண்டு நிற்க இடம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நிற்கிறது, பின்னால் வருபவரை நிறுத்தக் கொடியோடு மார்ஷல் நிற்கிறார். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, அதே வளைவு இரண்டரை நிமிடத்துக்கொருமுறை திரும்ப வருவது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.7 கி.மீ. புதியவருக்குச் சுற்றுக்கு இரண்டரை நிமிடம் ஆகும் என்று வைத்தால், 20 நிமிட செஷனில் எட்டுச் சுற்று. ஐந்து செஷனில் ஒரே வளைவை நாற்பது முறை எடுத்திருப்பீர்கள். கொல்லிமலையில் நாற்பது வளைவு எடுத்தால் நாற்பதும் நாற்பது விதம். அங்கே எதில் தப்பு செய்தோம், எதில் தப்பித்தோம் என்றே தெரியாமல் மேலே போய்ச் சேர்ந்துவிடுவோம்.

செலவு உண்மைதான். நுழைவுக் கட்டணத்தோடு டயர் தேய்மானம், பிரேக் பேட், பெட்ரோல், பைக்கை ஏற்றிப் போகும் வண்டிச் செலவு எல்லாம் சேரும். அதனால் மாதாமாதம் போகச் சொல்லவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை, அதில் முதல் முறை பயிற்றுநர் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். பயிற்றுநர் இல்லாத நாளில், பழைய தப்பையே வேகமாகச் செய்யப் பழகிவிடுவீர்கள்.

மலைக்குப் போவதையும் விடவேண்டாம். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் போங்கள், பக்கத்தில் பார்க்க நிறைய இருக்கிறது.

ட்ராக்கில் கற்றுக்கொண்டால் சாலையிலும் பாதுகாப்பாக ஓட்டலாம் என்கிறார்களே, முழுக்க உண்மையா?
*வங்கி ஊழியர், சேலம்*

பாதி உண்மை. பிரேக், பார்வை, கைப்பிடி ஆகிய மூன்றும் அப்படியே சாலைக்கு வரும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், முதலில் மெல்ல அழுத்தி, முன் ஃபோர்க் இறங்கி டயரில் பாரம் ஏறியதும் முழு அழுத்தம் கொடுப்பதை ட்ராக்கில் உடம்பே கற்றுக்கொள்ளும். வளைவில் பார்வையைச் சக்கரத்துக்கு முன்னாலிருந்து எடுத்து, வெளியேறப்போகும் இடத்தில் வைக்கப் பழகுவீர்கள். பயந்தவுடன் எதைப் பார்க்கிறோமோ அதன்மேலேயே போய் மோதுகிறோம். தடுப்புக் கல்லைப் பார்த்தவர் தடுப்புக் கல்லில்தான் இடிப்பார். வலப்பக்கம் சாய வலது கைப்பிடியை முன்னால் தள்ளவேண்டும் என்பதும் அங்கேதான் உறைக்கும். பல வருடம் ஓட்டியவர்கள்கூட இதைத் தெரியாமலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். அவசரத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

சாலைக்குக் கொண்டுவரக் கூடாதது ட்ராக் லைன். வெளியே ஆரம்பித்து, உள்ளே தொட்டு, மறுபடி வெளியே போவது ட்ராக்கில் சரி. முழு அகலமும் உங்களுக்குத்தான். நம் சாலையில் வலது வளைவு வந்தால் அந்த உள்முனை நடுக்கோட்டில் இருக்கும். டயர் கோட்டுக்கு இந்தப்பக்கம் இருந்தாலும், சாய்ந்த உங்கள் தலையும் தோளும் எதிர்ப்பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வரும் பேருந்தின் முன்பம்பர் அந்த உயரத்தில்தான் வரும். இடது வளைவிலோ வெளிப்பக்கம் என்பதே நடுக்கோடு. அதை ஒட்டி நுழைந்தால், வளைவைக் குறுக்கே வெட்டி வரும் வண்டி உங்கள் மேல் ஏறும். சாலையில் வலது வளைவுக்கு உங்கள் பாதையின் இடது பாதியிலேயே இருங்கள். இடது வளைவில் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். இரண்டிலும் வளைவின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரிந்த பிறகே ஆக்சிலேட்டரைத் திருகுங்கள்.

மலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது விதி. கொண்டை ஊசியில் பேருந்து திரும்பச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள்.

ட்ராக் கற்றுத்தராதது இன்னும் நிறைய இருக்கிறது. நிற்கும் ஆட்டோவின் முன்சக்கரம் எந்தப்பக்கம் திரும்பியிருக்கிறது, பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் யார் குறுக்கே ஓடப்போகிறார், இன்டிகேட்டர் போடாமலே எந்தக் கார் திரும்பும் என்பதெல்லாம் சாலையில் ஓட்டித்தான் வரும். ட்ராக்கில் மட்டுமே வேகமானவர் நகரப் போக்குவரத்தில் புதியவர்தான். இரண்டும் தனித்தனி வேலை என்று எண்ணிக்கொண்டால் குழப்பம் வராது.

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் முதல் ட்ராக் நாளுக்குப் பதிவு செய்திருக்கிறேன். வண்டி 200 சி.சி., இரண்டு வருடம் ஓடியது. என்னென்ன பார்க்கவேண்டும்? பைக்கை ஓட்டிக்கொண்டே போகலாமா?
*ஜவுளி வியாபாரி, திருப்பூர்*

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறோம். குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போங்கள். பைக் விழுந்து ஹேண்டில் வளைந்தால் திரும்பி வர வழி வேண்டும். விழாவிட்டாலும், நாள் முழுக்க ட்ராக்கில் ஓடிய கையும் காலும் மாலையில் நெடுஞ்சாலைக்கு ஆகாது. மாலை வீடு திரும்பும் வழியில் கவனம் சிதறி விழுவதும் நடக்கிறது.

இரண்டு வாரம் முன்பே பிரேக் ஆயிலை மாற்றுங்கள். முதல் வேலை இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155 டிகிரி வரை இறங்கலாம். கரி ட்ராக் 2 கி.மீ. சொச்சம்தான், வளைவுகள் நெருக்கமாக வரும், பிரேக் ஆற நேரமே கிடைக்காது. பழைய ஆயில், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குள் கொதித்துக் குமிழி விடும். குமிழி அழுந்தும், ஆயில் அழுந்தாது. அதனால் மூன்றாவது நான்காவது சுற்றில் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும், வண்டி நிற்காது. புது டப்பாவைத் திறந்து ஊற்றச் சொல்லுங்கள். கடையில் மாதக்கணக்காகத் திறந்து கிடந்த டப்பா வேண்டாம். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிகான் வகை, அதைக் கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அதை டாட் 4 கேட்கும் வண்டியில் ஊற்றலாம்.

பேட் 2 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஆனால் முந்தின நாள் மாற்றாதீர்கள். புது பேட் டிஸ்க்கோடு படிய நூறு இருநூறு கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டியிருக்க வேண்டும்.

டயர் பாதிக்குமேல் தேய்ந்திருந்தாலோ, ஓரத்தில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றவேண்டும். நடுவில் பஞ்சர் ஒட்டிய டயரோடு ட்ராக்கில் ஏறாதீர்கள். காற்று விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ட்ராக்கில் டயர் சூடாகி உள்ளே நாலைந்து பி.எஸ்.ஐ. ஏறிவிடும். வண்டியின் ஸ்டிக்கரில் போட்ட காற்றளவிலேயே ட்ராக்கில் இறங்கினால் சூடானபின் டயர் கல்லாகி, தரையில் படும் பரப்பு குறையும். முன்னும் பின்னும் ஸ்டிக்கர் அளவிலிருந்து 3 பி.எஸ்.ஐ. குறைத்து ஆரம்பியுங்கள். செஷன் முடிந்து வந்தவுடனே, டயர் ஆறுவதற்குள், கேஜ் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சொந்தக் கேஜாக இருக்கட்டும். பெட்ரோல் பங்க் மீட்டர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. மாலையில் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு, பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு சாலையில் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும், பள்ளத்தில் ரிம் அடிவாங்கும்.

செயின் தளர்வைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு வையுங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்து இறுக்கிவிடாதீர்கள். நீங்கள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும், கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங் போய்விடும். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டக் டக்கென்று அடித்தால் ஸ்டீரிங் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் பேரிங் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். எஞ்சின் ஆயில் மேல்கோடு வரை இருக்கட்டும், அதைத் தாண்ட வேண்டாம். ஆயில் வடிக்கும் போல்ட்டிலும் ஃபில்டர் மூடியிலும் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் வண்டியின் ஒரு துளி எண்ணெய் பின்னால் வரும் நாலு பேரை விழவைக்கும்.

அன்று காலை கண்ணாடிகளைக் கழற்றி, ஹெட்லைட், இன்டிகேட்டர், டெயில்லைட் எல்லாவற்றின் மேலும் டேப் ஒட்டுங்கள். விழுந்தால் கண்ணாடித்தூள் ட்ராக்கில் சிதறக் கூடாது என்பதற்காக. நம்பர் பிளேட், சாரி கார்டு, இருந்தால் சென்டர் ஸ்டாண்டு, கிராஷ் கார்டு எல்லாம் கழற்றவேண்டும். சாரி கார்டு இடப்பக்கச் சாய்வில் தரையில் உரசும், உரசிப் பின்சக்கரத்தையே தூக்கிவிடவும் கூடும். சைடு ஸ்டாண்டைக் கம்பியால் இறுகக் கட்டுங்கள். அது இறங்கிவிட்டால் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் சில வண்டிகளில் உண்டு, வளைவின் நடுவே எஞ்சின் அணைவதை நினைத்துப் பாருங்கள். கழற்றிய போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். சாரி கார்டும் நம்பர் பிளேட்டும் இல்லாமல் மறுநாள் சாலையில் போகச் சட்டம் இடம் கொடுக்காது.

சில ஏற்பாட்டாளர்கள் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள், கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சிந்தினால் பாதை வழுக்கும், எளிதில் காயாது. அப்படிச் செய்தால் வாலைத் தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றுங்கள், வீட்டுக்கு வந்த அதே வாரம் கூலன்ட்டைத் திரும்ப நிரப்புங்கள். மறந்தால் ரேடியேட்டருக்குள் துரு பிடிக்கும்.

ட்ராக்கில் முதல் இரண்டு சுற்று டயரைச் சூடாக்க மட்டும். செஷன் நடுவே கை மரத்துப்போனால் அது ஹேண்டிலை இறுக்கிப் பிடித்ததன் விளைவு. முழங்காலால் டேங்கைக் கவ்வுங்கள், கை தளரும். தண்ணீரை ஒவ்வொரு செஷனுக்கும் இடையில் அரை லிட்டராவது குடியுங்கள், அதில் ஒருமுறை உப்புக் கரைசலாக இருக்கட்டும். கடைசி செஷனில் களைப்பாக இருந்தால் ட்ராக்கில் இறங்காதீர்கள். கட்டிய காசு போகிறதே என்று இறங்குகிறவர்கள்தான் அங்கே விழுகிறார்கள்.

ட்ராக்கில் காட்டும் கொடிகள் புரியவில்லை. அவசியமாகத் தெரிந்திருக்க வேண்டியவை எவை?
*கல்லூரி மாணவர், காஞ்சிபுரம்*

மஞ்சள் அசைந்தால் முன்னால் ஆபத்து. வேகத்தைக் குறையுங்கள், முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் என்றால் பாதை வழுக்குகிறது, எண்ணெயோ மண்ணோ கிடக்கிறது. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தப்பட்டது. உடனே பிரேக் போட்டு நிற்காதீர்கள், பின்னால் வருபவர் மோதுவார். கையைத் தூக்கிக்காட்டி, மெதுவாகப் பிட்டுக்கு, அதாவது வண்டிகள் நிற்கும் இடத்துக்கு, வாருங்கள். நீலம் என்றால் வேகமானவர் பின்னால் வருகிறார். நீங்கள் பதறி ஒதுங்கவேண்டாம், உங்கள் லைனிலேயே போங்கள். முந்துவது அவர் பொறுப்பு. கறுப்பு உங்களைக் காட்டி அசைந்தால் பிட்டுக்குள் வரவேண்டும், உங்கள் வண்டியிலோ ஓட்டத்திலோ ஏதோ தப்பு. கறுப்பு வெள்ளைக் கட்டம் என்றால் செஷன் முடிந்தது, ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி உள்ளே வாருங்கள். பிட்டிலிருந்து வெளியேறும்போது வெள்ளைக் கோட்டைத் தாண்டாதீர்கள், அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் முழு வேகத்தில் ஆள் வந்துகொண்டிருப்பார்.

சாலைக்கு வாங்கிய துணி ஜாக்கெட், ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், சாதாரண ஷூ இருக்கிறது. ட்ராக்குக்கு இவை போதாதா? தோல் சூட் நம் வெயிலுக்கு ஒத்துவருமா?
*பொறியாளர், ஓசூர்*

சாலையில் விழுந்தால் பெரும்பாலும் எதிலாவது மோதுவோம், ட்ராக்கில் பெரும்பாலும் நீளமாக வழுக்குவோம். 90, 100 கி.மீ. வேகத்தில் வழுக்கும்போது சாதாரண மெஷ் துணி ஒரு நொடி தாங்குவதே பெரிது. ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ அதைவிடப் பல மடங்கு தாங்கும். அதனால் ட்ராக்குக்குத் தோல் சூட் கட்டாயம். ஒரே துண்டாக இருக்கலாம், அல்லது இடுப்பைச் சுற்றி முழுவட்ட ஜிப்பால் இணையும் இரண்டு துண்டாக இருக்கலாம். பாதி ஜிப் ஆகாது. முதல் நாளுக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். ஆனால் அளவு பொருந்தவேண்டும். முழங்கைப் பாதுகாப்புத் தகடு விழும்போது நகர்ந்துவிட்டால் அது இருந்தும் இல்லாததும் ஒன்று.

ஹெல்மெட் முழுமுகமாக இருக்கவேண்டும், வார் டபுள் டி வளையம் உள்ளதாக இருக்கவேண்டும். ‘க்ளிக்’ பக்கிளைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். ஐரோப்பியத் தரமான இ.சி.இ. 22.06 முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் நம் சாலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், ஆகவே இரண்டும் உள்ள ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்கினால் ஒன்றே போதும். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறைதான் நசுங்கி வேலை செய்யும்.

முதுகுக் கவசத்தில் ஐரோப்பியத் தர எண்ணான இ.என். 1621-2, லெவல் 2 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். லெவல் 1 கவசம் உடம்புக்குக் கடத்தும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை இருக்கலாம், லெவல் 2-இல் 9-க்குள் இருக்கவேண்டும். ஜாக்கெட்டோடு வரும் மெல்லிய பஞ்சுத் துண்டை முதுகுக் கவசம் என்று நம்பாதீர்கள். கையுறை மணிக்கட்டைத் தாண்டி சூட்டின் மேல் வரவேண்டும், பூட்ஸ் கணுக்காலை மூடவேண்டும்.

வெயிலுக்கு வழி உண்டு. உள்ளே பருத்தி பனியன் போடாதீர்கள், வியர்வையில் ஊறித் தோலோடு ஒட்டும். உலரும் வகை உள்ளாடை போட்டுக்கொண்டு, செஷன் முடிந்தவுடன் சூட்டை இடுப்புவரை இறக்கி நிழலில் உட்காருங்கள்.

என் மகனுக்குப் பதினாறு வயது. பைக் ரேஸர் ஆகவேண்டும் என்கிறான். வீட்டில் இருக்கும் அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு ரிங் ரோட்டில் ஓட்டுவதாகத் தெரியவந்தது. தடுப்பதா, ஊக்குவிப்பதா?
*ஒரு தாய், மதுரை*

அம்மா, முதலில் இன்றே சாவியை எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கியர் வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் 18 வயதில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. இதை அவனிடம் மிரட்டலாகச் சொல்லாமல், அவன் கனவையே இது கெடுக்கும் என்று விளக்கிச் சொல்லுங்கள், கேட்பான்.

ஆசையை மட்டும் தடுக்காதீர்கள், வழி இருக்கிறது. இந்தியாவில் போட்டியில் இறங்க எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எனும் தேசிய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டி உரிமம் வேண்டும். அதற்கு மருத்துவச் சான்றும், வயது குறைவானால் பெற்றோரின் ஒப்புதலும் கேட்பார்கள். பதின்ம வயதினருக்கென்றே பயிற்சி முகாமும் தேர்வும் நடத்தும் பைக் நிறுவனங்கள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் நடக்கும் தேசியப் போட்டிகளுக்கு ஒருமுறை அவனையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். பிட்டில் நிற்கும் பையன்கள் எப்படி உடற்பயிற்சி செய்கிறார்கள், விழுந்துவிட்டு எழுந்து வந்து மெக்கானிக்கிடம் என்ன பேசுகிறார்கள் என்பதை அவன் நேரில் பார்க்கட்டும். ரிங் ரோடு ஓட்டம் தானாகவே சின்னதாகத் தெரியும். பைக் வாங்கித்தர அவசரப்படவேண்டாம். பயிற்சிப் பள்ளியின் சின்ன சி.சி. வண்டியில்தான் ஆரம்பிக்கவேண்டும். செலவு அதிகம்தான், ஸ்பான்சர் கிடைப்பதும் எளிதல்ல. படிப்பை விடாமல் போகட்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ட்ராக்கில் விழுந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
*திருச்சி வாசகர்*

கிடைக்காது என்று வைத்துக்கொண்டே போங்கள். மோட்டார் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியில் பந்தயம், வேகச் சோதனை முதலியவை விலக்கப்பட்டிருக்கும். உங்கள் சொந்த மருத்துவ, விபத்துப் பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்கு இருக்கிறதா என்பதையும் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள். சாலையில் பந்தயம் ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் முதல்முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு, 10,000 ரூபாய்.

யமஹா ஆர்15, கே.டி.எம். ஆர்.சி. 200, டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310. அலுவலகத்துக்கும் வேண்டும், ட்ராக்குக்கும் வேண்டும். எதை வாங்கலாம்?
*விற்பனைப் பிரதிநிதி, ஈரோடு*

தினமும் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டுவீர்கள் என்றால் ஆர்15. எடை குறைவு, பெட்ரோல் குறைவு, விழுந்தால் உதிரிபாகம் கைக்கெட்டும் விலையில் கிடைக்கும். பவர் குறைவாக இருப்பது கற்றுக்கொள்பவருக்கு வரம். நேர்ப்பாதையில் முறுக்கி ஈடுகட்ட முடியாது என்பதால் வளைவில் வேகத்தைத் தக்கவைக்கப் பழகியே ஆகவேண்டும். ஆர்.சி. 200-இல் குனிந்து உட்காரவேண்டும், முதுகுவலி இருப்பவருக்குத் தினசரிக்கு ஆகாது. ஆர்.ஆர். 310 நெடுஞ்சாலைக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் அருமை. முதல் ட்ராக் பைக்காக அதை நாங்கள் சொல்லமாட்டோம்.

ட்ராக்குக்காக வாங்கிய மென்மையான ரேஸ் டயரைச் சாலையிலும் ஓட்டலாமா? பிடிமானம் அதிகம்தானே?
*நெல்லை வாசகர்*

கூடாது. அந்த டயர் சூடான பிறகுதான் பிடிக்கும். சாலை வேகத்தில் அந்தச் சூடு வரவே வராது. குளிர்ந்த ரேஸ் டயர் சாதாரண டயரைவிட மோசமாக வழுக்கும். தண்ணீரை விலக்கப் பள்ளங்களும் குறைவு, ஐப்பசி மழையில் பாலம் ஏறும்போது தெரியும். மேலும் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ரப்பர் கெட்டியாகிக்கொண்டே போகும், ஆழம் மீதமிருந்தாலும் பிடிப்பு போயிருக்கும்.

எனக்கு வேகத்தில் ஆசை இல்லை. பயமில்லாமல் பிரேக் பிடிக்கவும், வளைவில் தடுமாறாமல் போகவும் தெரிந்தால் போதும். அதற்கும் ட்ராக்குக்குத்தான் போகவேண்டுமா?
*பள்ளி ஆசிரியை, புதுச்சேரி*

வேண்டாம் சகோதரி. வண்டி நடமாட்டமில்லாத, தார் அல்லது சிமென்ட் போட்ட ஒரு மைதானம் போதும். ஹெல்மெட், கையுறை, ஷூ போட்டுக்கொள்ளுங்கள், கூட ஒருவர் இருக்கட்டும். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். 30 கி.மீ. வேகத்தில் நேராக வந்து, கோட்டில் முன் பிரேக்கை நான்கு விரலால் எலுமிச்சம்பழம் பிழிவது போல அழுத்துங்கள், பின் பிரேக்கை மெல்ல மிதியுங்கள், கிளட்சைக் கடைசியில் பிடியுங்கள். பார்வை முன்னால் தூரத்தில் இருக்கட்டும். கீழே சக்கரத்தைப் பார்த்தால் வண்டி ஒருபக்கம் சாயும். நின்ற இடத்தில் ஒரு கல் வையுங்கள். பத்து முறை செய்தால் கல் கோட்டை நோக்கி நகர்ந்து வருவதைக் காண்பீர்கள். அது நன்றாக வந்த பிறகே 40, அப்புறம் 50. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டி என்றால் ஒருமுறையாவது அது வேலை செய்யும் அளவுக்கு நேர்ப்பாதையில் அழுத்திப் பாருங்கள். லீவர் கையில் துடிக்கும், பயந்து விட்டுவிடாதீர்கள். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் முன்டயர் கீச்சிட்டால் லீவரை ஒரு கணம் தளர்த்தி மறுபடி அழுத்தவேண்டும்.

வளைவுக்கு, இரண்டு கல்லை இருபது மீட்டர் இடைவெளியில் வைத்து எட்டு வடிவில் சுற்றுங்கள். வேகத்தைக் கல்லுக்கு முன்பே குறைத்து முடித்துவிட வேண்டும். திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை மூடாமல், அதே அளவில் வைத்திருங்கள். பாதி வளைவில் பயந்து ஆக்சிலேட்டரை வெடுக்கென்று விட்டால் வண்டியின் எடை முன்னால் விழும், முன்டயர் ஒரே நேரத்தில் திரும்பவும் நிற்கவும் பார்க்கும், அங்கேதான் நழுவும். கழுத்தைத் திருப்பி அடுத்த கல்லைப் பாருங்கள். வாரத்துக்கு அரைமணி நேரம், ஒரு மாதம் செய்துவிட்டு எழுதுங்கள்.